சக்தியின் ‘ஜாய்’: ராமநாதபுரத்து மிருதங்கமும் ராக் கிட்டாரும்

‘ஜாய்’ என்பது சக்தி இசைக்குழு மேடையில் வாசித்துப் பதிவு செய்த, ஏறத்தாழ 18 நிமிடம் நீளும் வாத்திய இசைப் படைப்பு. பாட்டு வரிகள் இல்லை, பாடகர் இல்லை. 1975 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்டில் இருந்த சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியில் இது வாசிக்கப்பட்டது. கொலம்பியா நிறுவனம் அந்தக் கச்சேரியை 1976இல் ‘சக்தி வித் ஜான் மெக்லாக்லின்’ என்ற இசைத்தட்டாக வெளியிட்டது. தட்டின் முதல் உருப்படி ‘ஜாய்’. கிட்டார் ஜான் மெக்லாக்லின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடமும் மிருதங்கமும் டி.எச். விநாயக்ராம். இவர்களோடு மிருதங்கம் வாசித்தவர் ராம்நாட் வி. ராகவன். பெயருக்கு முன்னால் நிற்கும் ராம்நாடு, பாக் நீரிணைக் கரையின் ராமநாதபுரம்தான். மேற்கத்திய ராக் இசை பத்தாண்டுகளாக நடத்திவந்த ஒரு தேடலில் இந்தக் கடலோரச் சமஸ்தானத்தின் தாள மரபு வந்து கலந்தது இப்படித்தான்.

சொல்லை விட்ட ராக்

அந்தத் தேடல் 1960களின் நடுப்பகுதியில் தொடங்கியது. அதுவரை ராக் பாடல் என்றால் இரண்டரை அல்லது மூன்று நிமிடம். பல்லவி, சரணம், நடுவில் கொஞ்சம் கிட்டார், முடிவு. 45 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கும் அளவு அது. எல்எஸ்டி போன்ற போதைப் பொருள்கள் மேற்கத்திய இளைஞர்களிடையே பரவிய காலத்தில் அந்த மயக்க அனுபவத்தை ஒலியாக்க முயன்ற இசைதான் சைக்கடெலிக் ராக் எனப்பட்டது. அதற்கு மூன்று நிமிடம் போதவில்லை. பாட்டு நீண்டது, சொல் குறைந்தது, பல இடங்களில் சொல் முற்றிலும் நின்றுபோனது.

1966இல் அமெரிக்காவின் பால் பட்டர்ஃபீல்ட் புளூஸ் பேண்ட் ‘ஈஸ்ட்-வெஸ்ட்’ என்ற 13 நிமிட வாத்திய உருப்படியை வெளியிட்டது. ஒரே ஆதார ஒலியின் மேல் கிட்டார்கள் மாறி மாறிக் கற்பனை செய்துகொண்டு போகும் அந்த முறையில் இந்திய இசையின் தாக்கம் தெளிவாகக் கேட்கும். அதே ஆண்டு தி பேர்ட்ஸ் குழுவின் ‘எயிட் மைல்ஸ் ஹை’ ரவிசங்கரின் சிதாரிலிருந்தும் ஜான் கோல்ட்ரேனின் ஜாஸிலிருந்தும் தன் கிட்டார் போக்கை எடுத்துக்கொண்டது. 1967இல் லண்டனின் பிங்க் ஃபிளாய்ட் ‘இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்’ என்ற கிட்டத்தட்ட 10 நிமிட உருப்படியைத் தந்தது. கீழிறங்கும் ஒரு கிட்டார் வரி முதலில் வரும். பிறகு தாளமும் சுருதியும் கட்டவிழ்ந்து ஒலிகள் தம் போக்கில் அலையும். கடைசியில் அதே வரி திரும்பி வரும். அடுத்த ஆண்டில் அதே குழு செய்த ‘எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’ இன்னும் ஒரு படி தாண்டியது. கட்டடக்கலை படித்த ரோஜர் வாட்டர்ஸும் நிக் மேசனும் அந்தப் படைப்பை இசைக்குறியீட்டில் எழுதாமல் ஏற்ற இறக்கங்களைக் கோடுகளாக வரைந்து திட்டமிட்டார்கள்.

ஆக, சொல் இல்லாத ராக் இசைக்கு ஒரு வழி கிடைத்தது. மின்பெருக்கியின் அலறல், எதிரொலிக் கருவி, ஒலிநாடாவை வெட்டி ஒட்டும் உத்தி ஆகியவை அதன் கருவிகள். சிக்கல் வேறொன்று. கட்டவிழ்ந்த நடுப்பகுதியை எதை வைத்துத் தாங்குவது? பத்து நிமிடம் கற்பனையாக வாசிப்பவர்கள் எல்லோரும் ஒரே கணத்தில் எப்படித் திரும்பி வந்து சேர்வது? பெரும்பாலான குழுக்கள் நான்கு எண்ணிக்கைத் தாளத்தையே நம்பின, அல்லது தாளத்தையே கைவிட்டன.

மின்சாரத்தைத் துறந்த கிட்டார்

மெக்லாக்லின் அந்த மின்னொலி உலகின் நடுவிலிருந்து வந்தவர். 1942இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தார். 1969இல் அமெரிக்கா சென்று மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’, ‘பிட்சஸ் புரூ’ பதிவுகளில் வாசித்தார். ஜாஸ் இசைக்குள் ராக்கின் மின்சாரம் புகுந்த தட்டுகள் அவை. 1971இல் அவர் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா காதைப் பிளக்கும் ஒலியும் மின்னல் வேகமும் கொண்ட குழு. ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படை எண்ணிக்கைத் தாளங்களை ராக் ரசிகர்களிடம் கொண்டுசென்றதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ‘மகாவிஷ்ணு’ என்ற பெயரை அவருக்குச் சூட்டியவர் நியூயார்க்கில் வாழ்ந்த ஆன்மிக ஆசிரியர் ஸ்ரீ சின்மோய்.

புகழ் உச்சியில் இருக்கும்போதே அவர் கர்நாடக இசையை அடிப்படையிலிருந்து கற்கத் தொடங்கினார். கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் ஊரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அப்போது ஆசிரியராக இருந்த டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். அங்கே ஆய்வு மாணவராக இருந்த எல். சங்கருடன் நட்பு ஏற்பட்டது. அந்த நட்பும் ஜாகிர் உசேனுடன் இருந்த பழக்கமும் சேர்ந்து சக்தி பிறந்தது. ராக் ரசிகர்கள் மின்சாரக் கிட்டாருக்காகக் காத்திருக்க, மெக்லாக்லின் மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து மின்சாரம் இல்லாத கிட்டாரை மடியில் எடுத்துக்கொண்டார்.

ராமநாதபுரத்திலிருந்து வெஸ்லியனுக்கு

வெஸ்லியனில் கர்நாடக இசைக்கு இடம் ஏற்படுத்தியவர் ராபர்ட் பிரவுன். மிருதங்கத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்கர் அவர். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பியும் மிருதங்க வித்வானுமான டி. ரங்கநாதன் 1963இல் அங்கே ஆசிரியராகச் சென்றார். 1967இல் பாடகர் ராம்நாட் கிருஷ்ணன் சென்று கற்பித்தார். அந்தப் பயணத்தின்போது நான்சச் நிறுவனத்துக்காகப் பதிவான அவருடைய பாட்டு, கர்நாடக இசையை மேற்கு நாடுகளின் வீடுகளுக்குக் கொண்டுசேர்த்த தட்டுகளில் ஒன்றானது. அவருடைய தம்பி ராகவன் 1970களில் அதே பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்றுக்கொடுத்தார்.

இந்தச் சகோதரர்கள் கேரளத்து ஆலப்புழையோடு தொடர்புடைய குடும்பத்தினர். ராமநாதபுரத்தில் வளர்ந்து அந்த ஊர்ப் பெயரையே அடைமொழியாக ஏற்றார்கள். அப்படி ஏற்கத்தக்க இசைப் பின்னணி அந்த ஊருக்கு இருந்தது. விவேகானந்தரின் 1893 அமெரிக்கப் பயணத்துக்குத் துணைநின்ற பாஸ்கர சேதுபதியின் காலத்தில் ராமநாதபுரம் அரண்மனை வித்வான்களை ஆதரிக்கும் இடமாக விளங்கியது. ‘பூச்சி’ சீனிவாச ஐயங்கார் அந்தச் சமஸ்தானத்தின் வித்வான். அவருடைய சீடர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், வர்ணத்தில் தொடங்கித் துக்கடாக்களில் முடியும் இன்றைய கச்சேரி முறையை நிலைநிறுத்தியவராகக் கருதப்படுகிறார். ராம்நாட் கிருஷ்ணனின் குரு சி.எஸ். சங்கரசிவம், ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் சீடர். சங்கரசிவத்தின் தம்பி சி.எஸ். முருகபூபதியோ, பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை ஆகியோரோடு சேர்த்து மிருதங்க மும்மூர்த்திகளாக மதிக்கப்பட்டவர். பாட்டும் தாளமும் ஒரே வீட்டுத் திண்ணையில் புழங்கிய ஊர் அது.

கிருஷ்ணன், ராகவன் ஆகியோருக்கு மூத்தவர் வயலின் வித்வான் வி. லட்சுமிநாராயணா. அவர் யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராகப் பணியாற்றினார். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து 1964 டிசம்பர் புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. ரயிலும் கப்பலும் சேர்ந்த அந்த வழியில் வித்வான்களும் நாடகக்காரர்களும் இரு கரைக்கும் போய்வந்தார்கள். லட்சுமிநாராயணாவின் பிள்ளைகள் வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் மூவரும் வயலின் கலைஞர்கள். 1958இல் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. அந்தச் சங்கர்தான் சக்தியின் வயலின். ஆகவே ‘ஜாய்’ பதிவான மேடையில் வயலின் வாசித்தவரும் மிருதங்கம் வாசித்தவரும் அண்ணன் மகனும் சிற்றப்பாவும்.

ஐந்து கருவிகள்

‘ஜாய்’ உருப்படியில் ராக் குழுவின் டிரம்ஸும் இல்லை, பேஸ் கிட்டாரும் இல்லை. மெக்லாக்லினின் கிட்டார் அவருக்காகவே வடிவமைக்கப்பட்டது. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய ஏபிரகாம் வெக்டர் செய்த கருவி அது. வழக்கமான ஆறு தந்திகளுக்குக் கீழே, ஒலித்துளையைக் குறுக்காகக் கடந்து செல்லும் ஏழு தந்திகள் கூடுதலாக உண்டு. இவை சுருதித் தந்திகளாகவும் இடையிடையே மீட்டும் தந்திகளாகவும் பயன்பட்டன. மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரப்பரப்பு பள்ளமாகக் குடையப்பட்டிருந்தது. சாதாரணக் கிட்டாரில் விரல் மரத்தில் உராய்ந்து தந்தியை அதிகம் நகர்த்த விடாது. குடைந்த பலகையில் விரல் தந்தியை மட்டுமே தொடுவதால் அதை அழுத்தவும் பக்கவாட்டில் இழுக்கவும் முடியும். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பது போன்ற அசைவு இதனால் கிட்டாருக்கும் கைவந்தது.

மிருதங்கத்தின் வலந்தலை ஆதார சுருதியில் சேர்க்கப்படுவது. அதன் நடுவிலுள்ள கரும்பூச்சு, அடிக்கு நீடித்த நாதத்தைத் தருகிறது. வாசிப்பதற்கு முன் இடந்தலையில் ஒட்டும் ரவைப்பசை கீழ்நாதத்தைத் தருகிறது. மேற்கத்தியக் குழுவில் பேஸ் கிட்டார் நிரப்பும் அடித்தளத்தை இங்கே இடந்தலையின் ‘தோம்’ நிரப்புகிறது. தபலாவின் பாயா தன் வளைந்த கும்கியால் அதோடு உரையாடுகிறது. ஜாகிர் உசேன் பஞ்சாப் கரானாவைச் சேர்ந்தவர். தந்தை அல்லா ரக்கா கர்நாடகத் தாளக் கணக்குகளில் ஆர்வம் கொண்டு அவற்றை இந்துஸ்தானி மேடைக்குக் கொண்டுசென்றவர் என்பதால், தெற்கத்திக் கோர்வைகள் மகனுக்குப் புதியவை அல்ல.

கடம் இவை எல்லாவற்றிலும் எளிய கருவி: ஒரு மண்பானை. வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் கீழ்நாதத்தை மாற்றுவார்கள். கழுத்திலும் உடலிலும் விரல்கள் அடிக்கும் அடிக்கு உலோகம் போன்ற கணீர் ஒலி வரும். கடத்துக்குப் பெயர்பெற்ற மானாமதுரை, ‘ஜாய்’ பதிவான நாளில் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1985இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இன்றைய சிவகங்கை மாவட்டத்துக்குச் சென்றது. வைகைப் பகுதி மண்ணைக் கலந்து, தட்டித் தட்டிச் சுவரை இறுக்கிச் சுடும் மானாமதுரைக் கடம், சென்னைக் கடத்தைவிடக் கனமானது. அதை வாசிக்க விரலில் வலு வேண்டும், ஒலியும் அதற்கேற்பக் கூர்மை. கடம் செய்யும் கலைக்காக அவ்வூரின் மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாடமி விருது பெற்றார். மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

உருப்படியின் அமைப்பு

‘ஜாய்’ மெக்லாக்லினும் சங்கரும் சேர்ந்து அமைத்தது. அதன் எலும்புக்கூடு இரண்டு வகைப் பகுதிகளால் ஆனது. ஒன்று, முன்கூட்டியே அமைத்து மனப்பாடம் செய்த பகுதிகள். கிட்டாரும் வயலினும் ஒரே வரியை ஒரே வேகத்தில் ஒரு சுரம் பிசகாமல் சேர்ந்து வாசிக்கும் இடங்கள் இவை. வேகம் கூடும்போது தந்திக் கருவிகள் இரண்டா ஒன்றா என்று பிரித்தறிவது கடினம். மற்றது, மேடையில் அந்த நேரத்தில் பிறக்கும் கற்பனை. கிட்டாரும் வயலினும் தனித்தனியே கற்பனைக்குப் போகின்றன. பிறகு ஒருவர் வாசித்ததற்கு மற்றவர் பதில் சொல்லும் சவால்-ஜவாப் வருகிறது.

இந்தப் பரிமாற்றத்தின் இலக்கணம் கச்சேரி கேட்பவர்களுக்குப் பழக்கமானது. கல்பனாசுரத்தில் பாடகரும் வயலின்காரரும் மாறி மாறிச் செய்யும் குறைப்புதான் அது. முதலில் நீண்ட வரிகள், பிறகு அதில் பாதி, மேலும் பாதி, கடைசியில் ஓரிரு சுரங்கள் என நெருங்கி வந்து இருவரும் சேர்ந்து முடிப்பார்கள். ஜாஸ் இசைக்கும் இப்படி எட்டுக்கு எட்டு, நான்குக்கு நான்கு என்று பங்கு பிரித்து வாசிக்கும் வழக்கம் உண்டு. ஆகவே மெக்லாக்லினுக்கும் சங்கருக்கும் இங்கே மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இரு மரபுகளும் தனித்தனியே கண்டுபிடித்திருந்த ஒரே வழக்கத்தில் அவர்கள் சந்தித்தார்கள்.

மேற்கத்திய இசையில் சுரங்களை அடுக்கிக் கூட்டொலி எழுப்புவது வழக்கம். ராகம் அதை வேண்டாது. மெக்லாக்லின் கிட்டாரில் கூட்டொலிகளை அங்கங்கே மட்டும் தாளத்துக்கு முட்டுக்கொடுப்பது போல வைத்துவிட்டு, பெரும்பாலும் ஒற்றைத் தந்தியில் ஓடும் வரிகளையே வாசிக்கிறார். அதேபோல் புளூஸ் சாயலுள்ள வளைவுகள் சங்கரின் வயலினில் கமகத்தோடு கலந்து வருகின்றன. தட்டின் இரண்டாவது உருப்படியான ‘லோட்டஸ் ஃபீட்’ ஐந்து நிமிடத்துக்கும் குறைவான அமைதியான மெல்லிசை. பின்பக்கம் முழுவதையும் ஏறத்தாழ 29 நிமிடம் நீளும் மூன்றாவது உருப்படி நிரப்புகிறது.

கணக்கும் விடுதலையும்

பிங்க் ஃபிளாய்டின் உருப்படியில் கற்பனைப் பகுதி தொடங்கும்போது தாளம் தளர்கிறது. ‘ஜாய்’ உருப்படியில் தாளம் மேலும் இறுகுகிறது. வாசிப்பவர் எவ்வளவு தூரம் போனாலும் ஆவர்த்தனம் என்ற தாளச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. எல்லோர் மனத்திலும் ஒரே எண்ணிக்கை. அதனால் எங்கே போனாலும் திரும்பும் இடம் தெரியும்.

இதற்கான கருவி கோர்வை. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். சதுஸ்ர நடையில் அட்சரத்துக்கு நான்கு மாத்திரை என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. ‘ததிகிணதோம்’ ஐந்து மாத்திரை. அதை மூன்று முறை, இடையில் இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி விட்டுச் சொன்னால் 5, 2, 5, 2, 5 என மொத்தம் 19 வரும். ஆவர்த்தனத்தில் 13 மாத்திரை கழித்துத் தொடங்கினால் முடிந்த அடுத்த கணம் சமம், அதாவது அடுத்த ஆவர்த்தனத்தின் தொடக்கம். கேட்பவருக்கு ஐந்தும் நான்கும் மோதித் தாளம் தடுமாறுவது போலத் தோன்றும். முடிவில் எல்லாக் கருவிகளும் ஒரே புள்ளியில் வந்து விழும்போதுதான் எதுவுமே தடுமாறவில்லை என்பது புரியும். இது மிகச் சிறிய எடுத்துக்காட்டு. வித்வான்கள் பல ஆவர்த்தனங்களைக் கடந்து செல்லும் கோர்வைகளை மனக்கணக்காகவே போடுவார்கள்.

ராக் மேடையில் தாளவாத்தியக்காரரின் வேலை பெரும்பாலும் அடியைக் காப்பது. தெற்கத்தி மேடையில் மிருதங்கக்காரர் பாட்டைப் பின்தொடர்ந்து, அதன் சங்கதிகளை ஊகித்து, அவற்றோடு சேர்ந்து வாசிப்பவர். தனி ஆவர்த்தனத்தில் மேடை அவருடையது. சக்தியில் மூன்று தாளக் கலைஞர்களும் அந்த உரிமையோடுதான் அமர்ந்தார்கள். கிட்டாரும் வயலினும் வைக்கும் கணக்கை மிருதங்கம் உடனே பிடித்துக்கொள்ள, தபலா அதை வேறு சொற்கட்டில் திருப்பிச் சொல்ல, கடம் இரட்டித்துப் பொடிப்பொடியாக நிரப்புகிறது. டிரம்ஸ் இல்லாத குழு இவ்வளவு உந்துதலோடு ஒலிப்பதற்கு இதுவே காரணம்.

அதற்குப் பிறகு

மெக்லாக்லினின் மின்னிசைத் தட்டுகள் அளவுக்கு இந்தத் தட்டு விற்கவில்லை. கிட்டார் ரசிகர்கள் பலர் மகாவிஷ்ணுவின் இரைச்சலை எதிர்பார்த்து ஏமாந்தார்கள். ராகவன் இரண்டாவது தட்டில் இல்லை. மீதி நால்வரும் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ என்ற இரு தட்டுகளையும் 1977இல் வெளியிட்டார்கள். அதன்பின் குழு கலைந்தது.

கலைந்தவர்கள் ராக் உலகின் பல மூலைகளுக்குச் சென்றார்கள். சைக்கடெலிக் ராக்கின் முன்னோடிகளான கிரேட்ஃபுல் டெட் குழுவின் டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட்டுடன் ஜாகிர் உசேன் 1976லேயே ‘டிகா’ என்ற தாளத் தட்டைச் செய்திருந்தார். ஹார்ட்டின் ‘பிளானட் டிரம்’ தட்டு, 1991க்கான கிராமி விருதைப் பெற்றபோது அதில் ஜாகிர் உசேனும் விநாயக்ராமும் பங்கேற்றிருந்தார்கள். சங்கர் பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினை உருவாக்கி, பிராங்க் சப்பா, பீட்டர் கேப்ரியல் போன்றோருடன் பணியாற்றினார். ராகவன் ஆசிரியராகவே தொடர்ந்தார். வெஸ்லியனில் அவரிடம் மிருதங்கம் பயின்ற ரசல் ஹார்ட்டன்பெர்கர், அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் குழுவில் வாசித்த முக்கியமான தாளக் கலைஞர்களில் ஒருவர். 1978இல் தொடங்கிய கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனையை வேரூன்றச் செய்தவர்களிலும் ராகவன் ஒருவர்.

1990களின் இறுதியில் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் குழு மீண்டும் கூடியது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன் ஆகியோர் சேர்ந்தார்கள். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலையான கொன்னக்கோலை மேற்கத்திய இசைக்கலைஞர்களுக்குக் கற்பிக்கும் காணொளிப் பாடம் ஒன்றை மெக்லாக்லினும் செல்வகணேஷும் 2007இல் வெளியிட்டார்கள். இன்று ராக், ஜாஸ் டிரம்ஸ் கலைஞர்கள் ‘தகதிமி’, ‘ததிகிணதோம்’ சொல்லிப் பழகுவதற்கு அந்தப் பாடமும் ஒரு காரணம். சக்தியின் ‘திஸ் மொமெண்ட்’ 2023இல் வெளிவந்து, 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் மறைந்தார்.